கூப்பிட்டாலும் வராதீங்க

கரண்டி விழுந்த சத்தம் இரண்டு முறை கேட்டது.

முதல் சத்தம் சமையலறையிலிருந்து வந்தது. எவர்சில்வர் கரண்டி டைல்ஸில் பட்டுத் துள்ளி அடங்கும், எல்லா வீட்டிலும் கேட்கிற சத்தம். நைட் ஷிப்ட் முடிந்து வந்த சூசைராஜ் ஹாலில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தான். கிரேசி குனிந்து கரண்டியை எடுத்துக் குழாயில் காட்டிக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் இரண்டாவது சத்தம் வந்தது. அதே கரண்டி, அதே துள்ளல். ஆனால் வெகு கீழே, ஈரமான எதன் மேலோ விழுந்ததுபோல் மழுங்கி, ஒரு மூச்சு நேரம் தாமதித்து வந்தது.

கிரேசி குழாயை மூடிவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுச்சா?"

"இன்னா?"

"ஒண்ணுமில்ல. சாப்டுங்க."

அவனுக்குக் கேட்டிருந்தது. அவனுக்குக் கேட்காத சத்தம் என்று ஒன்று கிடையாது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாக மெயின்டனன்ஸ் வேலை. ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவான். உள்ளே பேரிங் உருளும் சத்தம் இரும்பு வழியாக ஏறிவந்து அவன் மண்டைக்குள் பேசும். கம்ப்யூட்டரில் அதிர்வுக் கோடு பார்க்கிற இன்ஜினியர்கள்கூடக் கடைசியில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். "தாங்காது சார், நிறுத்திடுங்க" என்று அவன் சொன்னால் லைன் நிற்கும். ஒரே ஒரு சூப்பர்வைசர், புதிதாக வந்தவன், கேட்காமல் ஓட்டினான். அன்று மதியமே ஷாஃப்ட் உடைந்தது. அந்தக் கதையைச் சூசைராஜ் வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறான்.

"ஒருத்தன் அனுபவத்துல சொன்னா கேக்கணும் கிரேசி."

தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையிலிருந்து தலை நிமிராமல் அவள் ஒருநாள் பதில் சொன்னாள். "ஆமா. சொன்னா கேக்கணும்தான்."

அவள் எதைச் சொன்னாள் என்று அவனுக்குத் தெரியும். தெரியாததுபோல் டிவியைப் பார்த்தான்.

மணிமங்கலத்திலிருந்து ஒரகடம் போகிற வழியில், வயலாக இருந்த இடத்தை மனை போட்டு விற்ற ஷெர்லின் கார்டனில் அவர்கள் வீடு இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கடைக்கால் தோண்டியபோது மேஸ்திரி உச்சிமாகாளி வேலையை நிறுத்திவிட்டு அவனைப் போனில் வரச் சொன்னார். கிரேசியும் கூடப் போனாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அதிகம் பேசாதவர். மனையின் பின்பகுதியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைக் கையில் அள்ளிக் காட்டினார். மற்ற இடத்திலெல்லாம் செம்மண்ணாக இருக்க, அந்த ஓர் இடத்தில் மட்டும் கறுப்பாக, ஈரமாக இருந்தது. உடைந்த டைல்ஸ், ரப்பர் துண்டு, தெர்மகோல், பச்சை நிறத்தில் நாறிப்போன ஏதோ துணி. செம்மண்ணும் கறுப்பு மண்ணும் சந்தித்த கோடு வளைந்து வட்டமாகப் போனது.

"இது கெணறு சார். கம்பெனிக் குப்பையப் போட்டு மூடியிருக்கானுவ. சமையக்கட்ட இதுக்கு மேல போடாதீங்க. மனையில முன்னால எடம் கெடக்குல்லா, வீட்ட அங்க தள்ளிக் கெட்டுவோம்."

"கார் நிறுத்த எடம் வேணுமே மேஸ்திரி."

"கார் அப்பொறம் வாங்கிக்கிடலாம் சார். சொன்னா கேளுங்க. இந்த மண்ணு இன்னும் உக்காரல."

"ரெண்டடி கான்க்ரீட் போட்டா முடிஞ்சிது. நூறு டன் பிரஸ் மெஷினுக்கே ஃபவுண்டேஷன் போட்டவன் நானு."

உச்சிமாகாளி கையிலிருந்த மண்ணைக் கீழே போட்டார். உள்ளங்கையைத் துண்டில் வெகுநேரம் துடைத்தார்.

திரும்பி வரும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த கிரேசி அவன் தோளைத் தொட்டாள். "இன்னாங்க, அந்தாளு சொல்றதக் கேக்கலாமே. அவுருக்கு இன்னா, எங்க கட்டுனாலும் ஒரே கூலிதானே. நம்ம நல்லதுக்குத்தானே சொல்றாரு."

காற்றில் கேட்காததுபோல் அவன் வண்டியை வேகமாக ஓட்டினான்.

இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. இந்த நவம்பரில் மழை நிற்காமல் பெய்தது. ஷெர்லின் கார்டனின் தெருக்களில் தண்ணீர் தேங்கி, மின்கம்பங்கள் தலைகீழாகத் தெரிந்தன. கரண்டி விழுந்த அந்த வாரத்திலிருந்து கிரேசி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். சமையலறைத் தரை மற்ற அறைகளைவிடக் குளிர்ந்திருக்கிறது, கால் மரத்துப்போகிறது. சர்க்கரை சிந்தினால்கூட எறும்பு வருவதில்லை. நடுப்பகலில் பாசி வாசம் வருகிறது, வெகுநாள் திறக்காத தண்ணீர்த் தொட்டியைத் திறந்ததுபோல். அவன் ஸ்க்ரீனை இழுத்துவிட்டுப் பகல் தூக்கத்துக்குப் படுக்கும்போதுதான் அவள் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொல்வாள். தாழ்ந்த குரலில், சண்டைக்கு இழுக்காமல்.

"எதிர் வூட்டு முனியம்மா அக்கா இங்கதான் முன்னாடி நாத்து நட்டாங்களாம். கெணத்த மூட்றப்போ தண்ணிய எறைக்கவே இல்லியாம். தண்ணியோடயே மூடிட்டாங்களாம்."

"அதுக்கு?"

"அது உள்ளயேதான கீதுன்னு சொல்றேன்." ஜன்னலுக்கு வெளியே மழை தகரத்தில் அடித்தது. "நான் பேசுனா, அது பேசுதுங்க. நான் ஜெர்சிய கூப்ட்டா, கீழருந்தும் ஜெர்சின்னு வருது. மழ விட்ற வரைக்கும் அடுப்ப முன்னாடி வராண்டாவுல வெச்சிக்கிறேனே?"

"தெருவுல போறவன் பாக்க சமைப்பியா? தூங்க வுடு கிரேசி."

அவள் எழுந்து போனாள். அவன் விழித்துக்கொண்டே படுத்திருந்தான். சமையலறையில் அவள் நடக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் கீழே இன்னொரு அடி, ஒரு மூச்சு தாமதித்து, அவளோடு நடந்தது. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை கிரேசியும் எட்டு வயது ஜெர்சியும் பூசைக்குப் போயிருந்தார்கள். பூசை முடிந்து ஜெர்சிக்கு மறைக்கல்வி வகுப்பு இருந்தது. வர மதியமாகும். வெளியே வானம் ஈயம்போல் கவிந்திருந்தது. சூசைராஜ் வேலைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். அவள் பயத்தைப் போக்குவதற்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். லுங்கியைச் சுருட்டிக்கொண்டு மண்டியிட்டு, ஸ்க்ரூடிரைவரின் முனையை இரண்டு டைல்ஸ்களுக்கு நடுவில் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடினான்.

முதலில் ஒன்றுமில்லை. தன் ரத்தம் ஓடும் சத்தம் மட்டும்.

பிறகு தண்ணீர். தேங்கிய தண்ணீரில்லை. ஏதோ ஒன்று மெதுவாக அளைகிற தண்ணீர்.

பிறகு அடுப்புப் பற்றும் சத்தம். தாளிப்பு வெடித்தது. குக்கர் மூடியைத் திருகினார்கள். கொலுசு. அவன் வாங்கிக் கொடுத்த கொலுசு, ஒரு முத்து உதிர்ந்துபோனதால் இடது காலில் மட்டும் சத்தம் குறைவாக இருக்கும். அந்தக் குறைகூடச் சரியாக இருந்தது. அவன் வீட்டுச் சமையலறை, முழுசாக, தரைக்குக் கீழே நடந்துகொண்டிருந்தது.

கொலுசு நின்றது.

"இன்னாங்க," என்றது கிரேசியின் குரல். ஸ்க்ரூடிரைவர் வழியாக, அவன் காதுக்குள். "கேக்குதா?"

எப்படி எழுந்தான் என்று தெரியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையில் ஸ்க்ரூடிரைவரின் முனை குத்தி ரத்தம் வந்திருந்தது.

மதியம் கிரேசி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். சமையலறைத் தரையில் கிடந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு நொடி மலர்ந்ததை அவனால் பிற்பாடு மறக்கவே முடியவில்லை. அவர் கேட்டுப் பார்த்திருக்கிறார், கடைசியில் நம்பிவிட்டார் என்கிற மலர்ச்சி.

"கேட்டீங்களா? இன்னா கேட்டுச்சு?"

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. இரண்டு வருடமாக அவள் சொன்னதும், மேஸ்திரி சொன்னதும், பைக்கில் காற்றில் விட்டதும் எல்லாம் சேர்ந்து அதைத் தடுத்துவிட்டன.

"ஒண்ணுமே இல்ல. பைப்புல தண்ணி ஓட்ற சத்தம்."

அவள் தலையாட்டினாள். மெதுவாக முந்தானையால் முகத்தின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, அரிசி களையச் சமையலறைக்குள் போனாள்.

சாயங்காலம் அவள் அறியாமல் மொட்டை மாடிக்குப் போய் உச்சிமாகாளிக்குப் போன் செய்தான். தரையில் சத்தம் வருகிறது என்று மட்டும் சொன்னான்.

"சார், மழ விட்டதும் ஆளோட வாரேன். அதுவரைக்கும் அந்த அறையில யாரையும் நிக்க விடாதீங்க. அடுப்பத் தூக்கி இன்னைக்கே முன்னால போடச் சொல்லுங்க. இதையாவது கேளுங்க சார்."

"சரி மேஸ்திரி."

சரி என்றுதான் சொன்னான். ஆனால் கீழே இறங்கிவந்து அடுப்பைத் தூக்கினால், பைப்புச் சத்தம் என்று சொன்னது பொய்யாகிவிடும். திங்கட்கிழமை சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்பும்போது கிரேசி சமையலறையில் நின்று அவன் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் நின்றான்.

"இன்னா, எதுனா சொல்லணுமா?"

"இல்ல. காலைல வந்து சொல்றேன்."

காலையில் வந்ததும் தானாகவே அடுப்பை வெளியே எடுத்து வைத்துவிடலாம், தன் யோசனையாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு அவனுக்கு ஆறுதலாக இருந்தது. ராத்திரி முழுக்க அதை வைத்துக்கொண்டு வேலை பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை காலை கன்டெய்னர் லாரிகள் வாரியிறைத்த சேற்றுத் தண்ணீரில் நனைந்து அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஏழே முக்கால். மழை லீவு விட்டிருந்தார்கள். தெருவில் பிள்ளைகள் இல்லை. கேட்டில் மாட்டிய பையில் பால் பாக்கெட் அப்படியே இருந்தது. ஐந்தரைக்கு வருகிற பால். கிரேசி ஒருநாளும் அதை ஆறு மணி வரை விட்டதில்லை.

பாலைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். ஹாலில் லைட் எரியவில்லை. மழை வெளிச்சம் ஜன்னலில் சாம்பலாக ஒட்டியிருந்தது. பாசி வாசம். நல்ல கனத்த வாசம், நாக்கில் படுகிற மாதிரி. அதோடு ஏதோ பாத்திரம் தீய்ந்த நாற்றம். எப்போதும் திறந்திருக்கும் சமையலறைக் கதவு மூடியிருந்தது.

"கிரேசி, இன்னாத்த தீய வுட்ட?"

கதவில் கை வைத்தான்.

"உள்ள வராதீங்க."

கதவுக்கு அப்பாலிருந்து. குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுவதுபோல் இருந்தது.

"இன்னா, தர கழுவி வுட்டியா?"

"கைய எடுங்க. ஒரு வாட்டியாச்சும் சொல்றதக் கேளுங்க."

வழக்கமான எரிச்சல் அவனுக்குள் எழும்பியது. எழும்பிப் பாதியில் நின்றது. கதவின் மரம் உள்ளங்கைக்கு அடியில் பனிக்கட்டிபோல் இருந்தது. அவன் கையை எடுத்தான்.

"ஜெர்சிய தூக்கிக்கினு வெளிய போங்க. ரோட்டாண்ட போயி நில்லுங்க."

"நீ?"

"நான் வரல."

"இன்னா பேசுற? கேஸ் லீக்காவுதா?"

தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"இந்த எடத்த மூடிடுங்க. பூரா மூடிடுங்க. அப்புறம் நான் கூப்ட்டாலும் வராதீங்க. எத்தினி வாட்டி கூப்ட்டாலும்."

அவன் கேட்டான். கல்யாணமாகி முதல்முறையாக, ஏன் என்று கேட்காமல், பதில் பேசாமல், அவள் சொன்னதைச் செய்தான். படுக்கையறையில் ஜெர்சி கட்டிலின் நடுவில் காலை மடித்துக்கொண்டு விழித்து உட்கார்ந்திருந்தாள். தூக்கினான். செருப்புக்கூடப் போடாமல் மழையில் தெருவைக் கடந்து முனியம்மாள் வீட்டுத் தாழ்வாரத்தில் இறக்கிவிட்டான். கம்பெனி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த முனியம்மாள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

திரும்பி ஓடினான். கதவைத் தள்ளினான்.

தரை இல்லை.

சுவரோரம் ஓர் அடிக்கு டைல்ஸ் விளிம்பு. நடுவில் வட்டம். காம்பஸ் வைத்து வரைந்ததுபோல. கறுப்பு. எட்டாத ஆழத்தில் தண்ணீர், ஆடாமல், ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டு. சுவரோடு ஒட்டிய மேடை மட்டும் நின்றது. அதன் மேல் அடுப்பு இன்னும் எரிந்தது. தண்ணீர் வற்றிய பாத்திரம் சிவந்திருந்தது.

"கிரேசி!"

அவன் குரல்தான் திரும்பி வந்தது.

தீயணைப்பு வண்டிக்காரர்கள் அவளை வெளியே எடுக்க மதியமாகிவிட்டது. கையிலிருந்த கண்ணாடி வளையல்களில் ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. வராண்டாவில் கிடத்திப் போர்வையால் மூடினார்கள். மூடும்போது போலீஸ்காரரிடம் முனியம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு மணி இருக்கும் சார். வாசல் தெளிக்கிறப்போ 'தொம்'முனு கேட்டுச்சு. இடின்னு நெனச்சிட்டேன் பாவி."

அடுத்த நாள் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரும் அதையேதான் சொன்னார். விடியற்காலை ஐந்து மணி வாக்கில் இறந்திருக்கிறாள். விழுந்த உடனே. ஏழே முக்காலுக்கு அவள் தன்னோடு பேசியதை சூசைராஜ் யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ஜெர்சி அவன் மடியில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா காலைல கிச்சன்ல இருந்து கத்துனாங்கப்பா. கட்டில வுட்டு எறங்காத, அப்பா வர வரைக்கும் எறங்காதன்னாங்க. எனக்கு ஒண்ணுக்கு வந்துச்சு. ஆனா நான் எறங்கவே இல்ல."

"நல்ல புள்ள," என்றான். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அம்மா சொன்னால் காரணம் கேட்க வேண்டியதில்லை என்று.

வியாழக்கிழமை சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. பெட்டி இறங்குவதை அவன் பார்த்தான். பிடி மண் போட்டான். சிலுவை நட்டார்கள். அவள் அங்கேதான் இருக்கிறாள். தலைமாட்டில் ஒரு கொத்து செவ்வந்தியோடு. அதில் சந்தேகமில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பள்ளத்தின் விளிம்பு ஹால்வரைக்கும் விரிசல் விட்டிருந்தது. பக்கத்து வீடுகளும் இறங்கிவிடும், இன்றே மூடுங்கள் என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். உச்சிமாகாளி ஜேசிபியும் டிப்பர் லாரிகளும் கொண்டுவந்தார். சமையலறையின் பின்சுவரை இடித்து லாரி வர வழி செய்தார். அவனைக் கண்ணெடுத்துப் பார்க்க அவரால் முடியவில்லை.

"சார், நீங்க அந்தால போயிருங்க. பாக்காண்டாம்."

"நிக்கிறேன் மேஸ்திரி. மூடச் சொன்னதே அவதான்."

அவர் விலகி நின்றார். மழை விட்டிருந்தது. வெயில் வெள்ளையாக அடித்தது. சூசைராஜ் விளிம்புக்கு அருகில் நின்று கையை உயர்த்தி அசைத்தான். முதல் லாரி செம்மண்ணைச் சரித்தது. தண்ணீரில் மண் விழும் சத்தம் வெகுநேரம் கழித்து மேலே வந்தது. இரண்டாவது லாரி. மூன்றாவது.

மூன்றாவது லாரியின் மண் அடங்கிய பிறகு ஓர் இருமல் கேட்டது.

"இன்னாங்க."

அவன் கை அந்தரத்தில் நின்றது.

"மேல மண்ணு வுழுது. யாரு கொட்றது? நிறுத்தச் சொல்லுங்க."

லாரி டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே குதித்தான். "சார், உள்ள ஆளு கீது! லேடீஸ் குரல் சார்!"

உச்சிமாகாளி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். துண்டுக்கு மேல் அவர் கண்கள் கலங்கியிருந்தன. "ஆளு இல்லப்பா. காத்து. மண்ணுக்குள்ள காத்து அடைபட்டுக் கெடக்கு. நீ வண்டியில ஏறு." டிரைவர் ஏறிக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டான்.

"கண்ணுல வுழுந்துடுச்சுங்க. ஒண்ணும் தெரியல."

சூசைராஜ் மண்டியிட்டான். கண்ணை மூடினான். பத்தொன்பது வருடக் காதையும் அந்தக் குரலுக்குள் செலுத்தித் தேடினான். ஒரு பிசிறு, ஒரு வேறுபாடு, இது அவளில்லை என்று சொல்ல ஏதாவது ஒன்று. சளி பிடித்தால் அவள் மூச்சில் வருகிற மெல்லிய விசில் இருந்தது. வாக்கியத்தின் கடைசியில் குரல் இறங்குகிற விதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தரைக்குள் கேட்டதும் இதுதான். செவ்வாய்க்கிழமை கதவுக்குப் பின்னால் அவனைத் தடுத்ததும் இதுதான். மூன்றும் ஒரே குரல்.

"ஜெர்சிக்கு தல வாரினீங்களா? எண்ண வெச்சி வாரணும், இல்லனா சிக்கு வுழும். என்ன தூக்கி வுடுங்க, நான் வாரிக்கிறேன்."

"சார்," என்றார் உச்சிமாகாளி. "கேக்காதீங்க சார். நான் சொல்லுதேன், கேக்காதீங்க."

"நீ கூப்ட்டாலும் வரக் கூடாதுன்னு நீதான சொன்ன கிரேசி." அவன் பள்ளத்தைப் பார்த்துச் சொன்னான். கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து மண்ணில் சொட்டியது. "நீதான சொன்ன."

கீழே தண்ணீர் அளைந்தது.

பிறகு, அழுகை இல்லாமல், கோபம் இல்லாமல், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பேசுகிற அதே தாழ்ந்த குரலில்:

"இத்தினி வருசமா நான் சொன்னது ஒண்ணையும் கேக்கல. இத மட்டும் கேக்குறீங்களே."

சூசைராஜ் எழுந்தான். கையை உயர்த்தினான். அசைத்தான்.

லாரி பின்னால் வந்தது. மண் சரிந்தது. அடுத்த லாரி. அதற்கடுத்தது. குரல் மண்ணுக்குள் போய், மண்ணைத் தாண்டி வந்தது. தாகமாக இருக்கிறது என்றாள். கை எடுக்க முடியவில்லை என்றாள். மழுங்கியது. நிற்கவில்லை. சாயங்காலம் பள்ளம் தரைமட்டத்துக்கு வந்தது. ஜேசிபி அதன் மேல் ஏறி இறங்கி மண்ணை இறுக்கியது. டிரைவர்கள் கூலிகூடக் கேட்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். உச்சிமாகாளி தெருவில் போய் நின்று, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

சூசைராஜ் மட்டும் நின்றான். செருப்பில்லாத காலுக்கு அடியில் புது மண் சில்லென்று இருந்தது.

சத்தம் நின்றுவிட்டது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

அவன் திரும்பினான்.

"சூசை," என்றாள் கிரேசி, அவன் பாதங்களுக்கு நேர் கீழே. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை.

"சூசை. சூசை. சூசை."